குக்கர் கேஸ்கட்டுக்காக ஒரு பணயக்கைதி

பாபட் ரப்பர் கம்பெனிக்கு எதிரிகள் இருக்கிறார்கள் என்பது போன மழைக்காலம் வரை யாருக்கும் தெரியாது. புனேயில், போசரி பக்கம் ஒரு ஷெட்டில், பல வருடங்களாக அந்தக் கம்பெனி குக்கர் மூடிக்குள் போடும் ரப்பர் கேஸ்கட்டைச் செய்து விற்று வந்தது. கேஸ்கட்டைத் திருட யாரும் வந்ததில்லை. காசு கொடுத்து வாங்கவே ஆட்களைத் தேட வேண்டியிருந்தது.

அந்த வருடம் துபாயில் ஒரு பெரிய வியாபாரி கேஸ்கட் கேட்டார். கூடவே, கம்பெனி நெருக்கடிகளைச் சமாளிக்கத் தயாராக இருக்கிறது என்று ஒரு சான்றிதழும் கேட்டார். சான்றிதழ் தருவதற்காகச் சென்னையிலிருந்து தேஜஸ்வினி என்ற ஆலோசகர் வந்தார். ஊழியர்கள் அனைவரையும் கேன்டீனில் உட்காரவைத்து அவர் பேசினார்.

"உங்களை இதுவரை யாரும் தாக்கவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, தாக்கியது உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு, தாக்கப்போகிறவர்கள் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது காரணம் எதுவும் எங்கள் ஆய்வில் கிடைக்கவில்லை."

முதலாளி பாபட் சாகேப் பயந்துபோனார். ஆனால் பயத்தோடு முகத்தில் ஒரு பெருமிதமும் வந்தது. எதிரிகள் பொறாமைப்படும் அளவுக்குத் தான் வளர்ந்துவிட்டது அவருக்கே அன்றுதான் தெரியும். எழுந்து மராத்தியில் நன்றி சொன்னார். "நாளை நம் கேஸ்கட் நின்றுபோனால் எத்தனை வீடுகளில் குக்கர் விசிலடிக்காது என்று யோசியுங்கள். பருப்பு வேகாத நாடு எல்லையை எப்படிக் காக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். டிஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்த லியோனார்டும் தட்டினார். பருப்புக்கும் எல்லைக்கும் என்ன தொடர்பு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

லியோனார்ட் புனேயிலேயே கட்கி பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா வேலூரிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பஸ்ஸில் மராத்தி. மனைவி ஈனிட் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேஸ்கட் பெட்டிகளைக் கட்டி, முகவரி ஒட்டி, லாரியில் ஏற்றுவது லியோனார்டின் வேலை. அதில் அவருக்குக் குறையில்லை.

நெருக்கடிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நிர்வாக மேலாளர் ஸ்ரீநிவாசன் அதற்குத் தலைவர். கேன்டீனில் வெங்காயம் வைக்கும் அறை காலி செய்யப்பட்டு 'போர் அறை' ஆயிற்று. பெயர் மாறினாலும் வாசனை மாறவில்லை. ஆபத்து வந்தால் எல்லோரும் கூடவேண்டிய இடம் என்று லாரிகள் பின்னால் வந்து திரும்பும் இடத்தைக் குறித்தார்கள். சுவருக்குச் சுவர் "சந்தேகப்படு, சொல்லிவிடு" என்று எழுதினார்கள். ஒவ்வொரு ஊழியரும் மாதம் ஒரு சந்தேகமாவது தெரிவிக்க வேண்டும், அதற்கென்று டைம் ஆபீசில் ஒரு பெட்டி. சந்தேகமே வராதவர்கள் மீது குழு சந்தேகப்படும். முதல் மாதம் லியோனார்ட் கேன்டீன் சாம்பாரைச் சந்தேகப்பட்டு எழுதிப் போட்டார். அதைக் குழு ரசிக்கவில்லை.

பிறகு ஒத்திகை வந்தது. எதிரிகள் ஓர் ஊழியரைக் கடத்தி, அவரை விடுவிக்க ரப்பர் கலவையின் சூத்திரத்தைக் கேட்பார்கள். கம்பெனி எப்படிச் சமாளிக்கிறது என்று தேஜஸ்வினி பார்ப்பார். கடத்தப்பட ஓர் ஆள் வேண்டும். ஸ்ரீநிவாசன் லியோனார்டைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக இருக்கும்போது இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள்.

"ரெண்டே தகுதிதான் லியோனார்ட். அந்த ஆளுக்கு பி.பி. இருக்கக் கூடாது. ஒரு நாள் இல்லேன்னா வேலை எதுவும் நிக்கக் கூடாது. எல்லாரும் பி.பி.ன்னு சீட்டு கொண்டுவந்துட்டா. நீங்கதான் பாக்கி."

"நான் இல்லன்னா டிஸ்பாட்ச் நின்னுடுமே சார்."

"நிக்காது. பாத்துட்டேன்."

லியோனார்டுக்கு லேசாக வலித்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

குறித்த நாளில் முகத்தில் கறுப்புத் துணி கட்டிய ஒருவர் டிஸ்பாட்சுக்குள் வந்து, "அங்கிள், நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு அவரைக் கடத்திக்கொண்டு போனார். மாடியில் சாம்பிள் ரூமில் கதவைச் சாத்திவிட்டு துணியை அவிழ்த்தார். வியர்த்து வழிந்தது. பெயர் ராகவேந்திரா, ஓசூர்க்காரர், தேஜஸ்வினியின் ஆபீசில் சம்பளத்துக்கு இருப்பவர். தமிழ் நன்றாகப் பேசினார். கடத்தல்காரர்கள் இரண்டு பேர் வரவேண்டியது, இன்னொருவரை வேறு கம்பெனியில் குண்டு வைக்க அனுப்பிவிட்டார்களாம். லியோனார்டின் கையைக் கட்ட முயன்றார், முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"குடுங்க, நான் புடிச்சிக்கிறேன். இப்டி சுத்தி உள்ள விடுங்க," என்று லியோனார்ட் சொல்லிக்கொடுத்தார். அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

பேச்சுவார்த்தை ஸ்பீக்கர் போனில் நடந்தது. ராகவேந்திரா தாளைப் பார்த்து மிரட்டலைப் படித்தார். போர் அறையிலிருந்து ஸ்ரீநிவாசனின் குரல் வந்தது.

"சூத்திரத்தைத் தரமாட்டோம். எங்கள் கொள்கை அது."

"தராவிட்டால் உங்கள் ஊழியரின் கதி என்ன ஆகும் தெரியுமா?"

அங்கே கொஞ்சம் முணுமுணுப்பு. கையால் போனை மூடியிருந்தார்கள், ஆனால் சரியாக மூடவில்லை. பாபட் சாகேப் கேட்பது காதில் விழுந்தது. "யாரைப் பிடித்திருக்கிறார்கள்? லியோனார்டா? அவர் ரிட்டயர்மென்டுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது?" யாரோ பதில் சொன்னார்கள். "அப்படியென்றால் கொள்கைப்படியே போகலாம்," என்றார் பாபட் சாகேப்.

ராகவேந்திரா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒத்திகைதானே அங்கிள்," என்றார்.

"தெரியும் தம்பி," என்றார் லியோனார்ட்.

சாப்பாட்டு நேரத்தில் குழு கேன்டீனுக்குப் போய்விட்டது. பணயக்கைதிக்கும் கடத்தல்காரருக்கும் சாப்பாடு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. லியோனார்டின் டப்பா டிஸ்பாட்சில் இருந்தது. ராகவேந்திரா மறுபடி துணியைக் கட்டிக்கொண்டு கீழே போய் எடுத்து வந்தார். சப்பாத்தியும் இறால் வறுவலும். இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். ராகவேந்திராவின் மனைவிக்கு அது பிரசவ மாதம், ஊரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். லீவு கேட்டிருக்கிறார், கடத்தல் முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் மீட்புப் படை வந்தது. கம்பெனியின் கபடி டீம்தான் மீட்புப் படை. அவர்கள் அக்கவுன்ட்ஸ் அறையின் கதவை உடைத்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை மீட்டுக்கொண்டு கைதட்டலோடு போனார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. சங்கு ஊதியது. கம்பெனி பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒத்திகை முடிந்ததாகத் தேஜஸ்வினி அறிவிக்க வேண்டும், அவரோ விமானத்தில் இருந்தார். இருட்டத் தொடங்கியதும் இருவரும் கீழே இறங்கினார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க அங்கிள், பைக்ல விட்டுடறேன்," என்றார் ராகவேந்திரா. லியோனார்ட் குடையை விரித்து இருவர் தலைக்கும் மேலே பிடித்தபடி, இன்னொரு கையை அவர் தோளில் போட்டுப் பின்னால் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை லியோனார்டின் அடையாள அட்டைக்கு கேட் திறக்கவில்லை. கடத்தப்பட்டவரின் அட்டையை உடனே முடக்க வேண்டும் என்பது விதி. வாட்ச்மேன் அவரைப் பல வருடங்களாகத் தெரிந்தவர். வருத்தத்தோடு சொன்னார். "நீங்கள் பணயக்கைதி லிஸ்டில் இருக்கிறீர்கள் சாகேப். பணயக்கைதி எப்படி வேலைக்கு வரமுடியும்?"

கடைசியில் ஸ்ரீநிவாசன் வந்து உள்ளே அழைத்துப்போனார். டிஸ்பாட்சுக்கு அல்ல. போர் அறைக்கு. அங்கே தேஜஸ்வினியின் முகம் ஒரு திரையில் இருந்தது. மேசைமேல் இன்னொரு திரையில் கேட் காமிராவின் படம். மழை, பைக், குடை, தோளில் கை.

"இதற்கு என்ன விளக்கம்?" என்று தேஜஸ்வினி கேட்டார்.

"மழை பெஞ்சிது மேடம்."

"மழை அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அதனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்."

"அந்த நாளை நீங்கதானே மேடம் குறிச்சீங்க. அவரு உங்க ஆபீஸ் ஆளு."

"ஒத்திகையின்போது அவர் எதிரி. உங்கள் கையை அவர் கட்ட நீங்களே உதவியிருக்கிறீர்கள். அவருடைய அறிக்கையில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். உணவும் கொடுத்திருக்கிறீர்கள். கடத்துகிறவர் மேல் கைதிக்கு அன்பு வருவது ஒரு நோய். அதற்கு ஒரு வெளிநாட்டு ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள்."

"நான் அந்த ஊருக்கெல்லாம் போனதில்ல மேடம்."

ஸ்ரீநிவாசன் தொண்டையைச் செருமினார். "அவர்ட்ட என்ன பேசினேள் லியோனார்ட்? மறைக்காம சொல்லுங்கோ."

"பிரசவத்தப் பத்தி பேசினோம் சார்."

இது குறித்துக்கொள்ளப்பட்டது. சங்கேத மொழியாக இருக்கலாம் என்று தேஜஸ்வினி சொன்னார்.

அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டில் லியோனார்டின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மாதக் கடைசியில் சந்தேகப் பெட்டியைத் திறந்தபோது எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர். யாரைச் சந்தேகப்படுவது என்று திண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. முதல் தடவையாக முழு ஒத்துழைப்பு கிடைத்திருக்கிறது என்று குழு பாராட்டுத் தீர்மானம் போட்டது.

லியோனார்ட் ஸ்ரீநிவாசனிடம் போனார். "ஒண்ணு என் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா என்னை வேலையவிட்டு நிப்பாட்டிடுங்க. இது என்னா சார் பொழப்பு?"

"ரெண்டும் முடியாது," என்றார் ஸ்ரீநிவாசன். உண்மையிலேயே வருந்தியபடிதான் சொன்னார். "ஆபத்தைக் கண்டுபிடிச்ச கம்பெனிக்கு இரண்டாம் நிலைச் சான்றிதழ். கண்டுபிடிக்காத கம்பெனிக்கு ஒண்ணும் கிடையாது. நாம கண்டுபிடிச்சது உங்களைத்தான். உங்களை விட்டுட்டா சான்றிதழ் போயிடும், துபாய் ஆர்டர் போயிடும். உங்களுக்கு ஒரு குறையும் வராது லியோனார்ட். சம்பளம் வரும். போனஸ் வரும். சந்தேகம் மட்டும் தொடரும்."

சாம்பிள் ரூமையே அவருக்குக் கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கூரையில் ஒரு காமிரா. வேலை எதுவும் இல்லை. பாத்ரூம் போனால் வாட்ச்மேன் கூட வருவார். துபாயிலிருந்து பார்வையாளர்கள் வந்தபோது அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, கண்ணாடி வழியாக அவரைக் காட்டினார்கள். பாபட் சாகேப் தாழ்ந்த குரலில் விளக்கினார். வந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். ஆர்டர் கிடைத்தது.

முதலில் ஈனிட் இதையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள். "காய்கோ, எதுக்கு சும்மா உக்காந்திருக்கீங்க? அந்த ஸ்ரீநிவாசன் வீட்டுக்கே போய் கேக்கலாம் வாங்க," என்றாள். லியோனார்ட் வேண்டாம் என்றார். வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பி வரும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கி அந்தாளு பைக்ல எதுக்கு ஏறுனீங்க? ஷேர் ஆட்டோ இருந்துருக்கும்ல?"

"மழை பெஞ்சிது ஈனிட்."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்."

சிரித்தது, கோபப்பட்டது எல்லாம் ஈனிட்தான். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள்தான். லியோனார்ட் மத்தியானம் கட்டிலில் படுத்தபடி, உண்மையில் ஏன் ஏறினோம் என்று தானே யோசித்துப் பார்த்தார். மழையைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

ராகவேந்திரா மட்டும் அவ்வப்போது போன் செய்தார். பெண் குழந்தை பிறந்திருந்தது. "என்னாலதானே அங்கிள் உங்களுக்கு இந்த கஷ்டம்," என்பார். தேஜஸ்வினியின் ஆபீசை விட்டுவிட்டு ஓசூருக்கே போய்விட்டார். அவர் போன் வரும்போதெல்லாம் லியோனார்ட் எழுந்து வீட்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். பேசுவதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போனார்.

தீபாவளி முடிந்ததும் நாசிக் டீலர் ஒரு புதுக் கேஸ்கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். எங்கோ ஒரு புதுக் கம்பெனி செய்தது. விலை பாதி. பாபட் சாகேப் அதை ஆய்வகத்துக்கு அனுப்பினார். கலவை அப்படியே இவர்களுடையது. சூத்திரம் வெளியே போயிருந்தது.

குழு உடனே கூடியது. எல்லோரும் லியோனார்டின் பெயரைச் சொல்லத் தயாராக வந்திருந்தார்கள். ஸ்ரீநிவாசன்தான் அந்த இக்கட்டைக் கண்டுபிடித்தார். லியோனார்ட் கம்பெனியில் இருந்த ஒவ்வொரு நிமிடமும் காமிராவில் பதிவாகியிருந்தது. காலையில் வருகிறார், உட்காருகிறார், பேப்பர் படிக்கிறார், டப்பா சாப்பிடுகிறார், போகிறார். சூத்திரம் இருந்த அறைப் பக்கமே அவர் போகவில்லை. கம்பெனியில் திருடவில்லை என்று நிரூபிக்க முடிந்த ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோர் மேலும், பாபட் சாகேப் உட்பட, சந்தேகத்துக்கு இடம் இருந்தது.

ஆகவே விசாரணையை அவரிடமே கொடுத்தார்கள்.

லியோனார்டுக்கு விசாரிக்கத் தெரியாது. நேராக ஸ்ரீநிவாசனிடம் போய்க் கேட்டார். "சார், அந்த சூத்திரம் யார் யார்கிட்ட இருக்கு?"

ஸ்ரீநிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாபட் சாகேப் லாக்கர்ல ஒண்ணு. அப்புறம், தேஜஸ்வினி ஆரம்பத்துலயே கேட்டாளே, எதைக் காப்பாத்தணும்னு தெரிஞ்சாத்தானே காப்பாத்தறதுன்னு. சாகேப் சொன்னார், நான் மெயில்ல அனுப்பினேன். அதை அவா மத்த கம்பெனிகள்ல பாடம் நடத்தறச்சே திரையில போட்டுக் காட்டியிருக்கா. ரகசியத்தை எப்படிப் பாதுகாக்கறதுங்கறதுக்கு உதாரணமா. போன வாரம்தான் ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுது."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே சார்."

"சொல்லுங்கோ. நீங்கதானே விசாரணை."

லியோனார்ட் நடந்ததை நடந்தபடியே பாபட் சாகேபிடம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பதில் சொன்னார்.

"உங்கள் விசாரணையை ஏற்றுக்கொள்கிறேன். முடிவில்தான் ஒரு சிறிய திருத்தம். தேஜஸ்வினி மேடத்தைச் சந்தேகப்பட முடியாது. சந்தேகப்படுவது எப்படி என்று நமக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். அவர் தவறு என்றால் அவர் கொடுத்த சான்றிதழும் தவறு. அனுப்பச் சொன்னது நான். என்னை நான் சந்தேகப்பட்டால் கம்பெனியை யார் நடத்துவது? மிச்சம் இருப்பது அனுப்பிய கை மட்டும்தான்."

அடுத்த திங்கட்கிழமை லியோனார்ட் டிஸ்பாட்சுக்குத் திரும்பினார். கேட் திறந்தது. மத்தியானம் பெஞ்சில் இடம் போதாமல் ஆட்கள் வந்து நெருக்கி உட்கார்ந்து, தங்களுக்கு எப்போதும் அவர்மேல் நம்பிக்கை இருந்ததாகச் சொன்னார்கள். ஈனிட் அன்று மட்டன் செய்து அனுப்பியிருந்தாள். சாம்பிள் ரூமில் ஸ்ரீநிவாசன் உட்கார்ந்திருந்தார்.

சில நாட்கள் கழித்து லியோனார்ட் அங்கே போனார். வாட்ச்மேன் தயங்கிவிட்டுக் கதவைத் திறந்தார். ஸ்ரீநிவாசன் ஷேவ் செய்திருக்கவில்லை. மேசைமேல் பழைய பேப்பர் ஒன்று மடித்தபடி கிடந்தது. அவர் எழுந்து நிற்கப்போனார்.

"உக்காருங்க சார்," என்றார் லியோனார்ட்.

"ஆத்துல எல்லாரும் என்கிட்ட நன்னாத்தான் இருக்கா," என்றார் ஸ்ரீநிவாசன். யாரும் அதைக் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லியோனார்ட், நீங்க சொல்லுங்கோ. நான் அதை நல்லெண்ணத்துலதான் அனுப்பினேன். நீங்க என்னை நம்பறேள்தானே?"

லியோனார்டுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியிலேயே அதை முழுசாக விசாரித்து அறிந்தவர் அவர் ஒருவர்தான். நம்புகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் சொல்வதற்கு முன்னால் அவருடைய கண் தானாக மேலே போய்க் காமிராவைப் பார்த்துவிட்டு வந்தது.

"நம்புறேன் சார்," என்றார்.

ஸ்ரீநிவாசன் அந்தப் பார்வையைக் கவனித்திருந்தார். மடித்த பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் லியோனார்ட் வீட்டுக்கு வந்து, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஈனிட் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இப்பத்தானே எல்லாம் சரியாச்சு? இப்ப என்னாச்சு உங்களுக்கு?"

"யாரும் ஒண்ணும் பண்ணல ஈனிட். நான்தான்." அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "எனக்கும் வந்துடுச்சு."

ஈனிட் அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. என்ன வந்துவிட்டது என்று அவள் கேட்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

ராஜினாமா மறுநாள் குழுவின் முன் வைக்கப்பட்டது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வேலையை ஒருவர் தானாக விடுகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.